உள்ளே புகுந்ததா, ஒட்டிக்கொண்டதா?

எலும்பில் வளர்ந்த கட்டியை அறுத்தெடுத்தால் அந்த இடத்தில் குழி விழுகிறது. விபத்தில் எலும்பு நொறுங்கினாலும் அப்படித்தான். இக்குழியை நிரப்ப, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எலும்பை எடுத்து வைப்பது நெடுநாளாக உள்ள முறை. நல்ல முறைதான். ஆனால் அதற்காக உடலில் இன்னோர் இடத்திலும் கத்தி வைக்க வேண்டும். கிடைக்கும் எலும்பும் கொஞ்சமே. ஆகவே எலும்பின் கனிமப் பகுதியை ஒத்த பொருளைச் செயற்கையாகச் செய்து, தூளாகவோ குறுமணிகளாகவோ குழியில் இட்டு நிரப்புகிறார்கள். இவ்வாறு பயன்படுபவற்றுள் முதன்மையானவை கால்சியம் பாஸ்பேட்டுகள். அவற்றுள்ளும் ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகப் பொருளுக்குத் தனி இடம் உண்டு.

எலும்பில் உள்ள கனிமம் தூய ஹைட்ராக்சி அபடைட் அன்று. அதில் கார்பனேட் உண்டு; சோடியமும் மக்னீசியமும் உண்டு; மிகச் சிறிதளவு துத்தநாகமும் ஸ்ட்ரான்சியமும் உண்டு. அப்படியானால் செயற்கைத் தூளிலும் இவற்றைப் புகுத்தினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. படிகத்தில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரான்சியத்தையோ துத்தநாகத்தையோ, பாஸ்பேட் இருக்க வேண்டிய இடத்தில் சிலிகேட்டையோ அமர்த்துவதற்குப் ‘பதிலீடு’ என்று பெயர். இதைப் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இன்று அளவே இல்லை. தலைப்புகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: இன்ன தனிமம் பதிலீடு செய்த ஹைட்ராக்சி அபடைட் தூளைத் தயாரித்தலும் அதன் இயல்பறிதலும்.

இக்கட்டுரைகளின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. தயாரிப்பு ஒழுங்காகவே நடக்கிறது. இயல்பறிய விலை உயர்ந்த கருவிகளும் பயன்படுகின்றன. ஆனால் தலைப்பில் நிற்கும் ‘பதிலீடு’ என்ற சொல் மட்டும் பல கட்டுரைகளில் மெய்ப்பிக்கப்படாமலேயே நின்றுவிடுகிறது. தனிமத்தைச் சேர்த்தோம் என்பதற்குச் சான்று காட்டுகிறார்கள். அது படிகத்தின் உள்ளே புகுந்தது என்பதற்குக் காட்டுவதில்லை.

இது வெறும் சொற்சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் துத்தநாகம் உடல் திரவம் பட்டவுடன் விரைவாகக் கழன்றுவிடும். படிகத்தின் உள்ளே இருக்கும் துத்தநாகமோ, படிகம் கரையக் கரையத்தான் வெளிவரும். முன்னது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மருந்து. பின்னது மாதக்கணக்கில் சொட்டும் மருந்து. துத்தநாகம் சிறிதளவில் எலும்புச் செல்களுக்கு உதவும், மிகுந்தால் அவற்றைக் கொல்லும். இரண்டு தூள்களுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால், பெயரை நம்பிப் பயன்படுத்துபவரின் நிலை என்னாகும்?

இருக்கைகளும் பயணிகளும்

ஹைட்ராக்சி அபடைட்டின் அமைப்பை 1964-இல் கே, யங், போஸ்னர் ஆகியோர் துல்லியமாக வரையறுத்தனர். இதன் அலகுக்கூட்டில் 10 கால்சியம் அயனிகள், 6 பாஸ்பேட் தொகுதிகள், 2 ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 10-க்கு 6, அதாவது 1.67. பக்க நீளம் 9.42 ஆங்ஸ்ட்ராம், உயரம் 6.88 ஆங்ஸ்ட்ராம். பத்துக் கால்சியங்களும் ஒரே வகை இடத்தில் இல்லை. நான்கு, கூட்டின் உயரத்தை ஒட்டித் தூண்கள்போல் அடுக்கப்பட்டவை. எஞ்சிய ஆறும் மும்மூன்றாக, ஹைட்ராக்சில்கள் நிற்கும் கால்வாயைச் சுற்றி முக்கோணமாக அமைந்தவை.

கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 1.00 ஆங்ஸ்ட்ராம். ஸ்ட்ரான்சியத்தின் ஆரம் 1.18; துத்தநாகத்துக்கு 0.74, மக்னீசியத்துக்கு 0.72. பெரிய அயனி புகுந்தால் கூடு விரியும். சிறிய அயனி புகுந்தால் சுருங்கும். ஸ்ட்ரான்சியத்தை எந்த அளவுக்கும் ஏற்றலாம். கால்சியம் முழுவதையுமே நீக்கி ஸ்ட்ரான்சிய அபடைட் செய்ய முடியும். மக்னீசியம் அப்படியன்று. சிறிதளவே புகும். அளவை மீறிச் சேர்த்தால் தூள் படிகமாகாமல் ஒழுங்கற்ற நிலையில் நின்றுவிடும், அல்லது வேறொரு பாஸ்பேட்டாக மாறிவிடும். மக்னீசியம் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த நீர்ப்போர்வையோடு படிகத்தின் மேற்பரப்பிலேயே தங்குவது அதற்கு எளிது.

இதைப் பேருந்தோடு ஒப்பிடலாம். இருக்கையில் அமர்ந்தவர், நடுவில் நிற்பவர், படிக்கட்டில் தொங்குபவர் எல்லாருமே டிக்கெட் வாங்கியவர்கள்தாம். நடத்துநரின் கணக்கைப் பார்த்தால் எத்தனைபேர் ஏறினார்கள் என்று தெரியும். யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. வேதிப் பகுப்பாய்வும் நடத்துநர் கணக்குத்தான். ‘பதிலீடு’ என்பதோ இருக்கையைப் பற்றிய பேச்சு.

குவளையில் நடப்பது

தயாரிக்கும் முறைகளுள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்றது வீழ்படிவு முறை. கால்சியம் நைட்ரேட் கரைசலில், டை அம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். அம்மோனியா சேர்த்துப் பி.எச். மதிப்பை 10-க்கு மேல் வைத்திருக்க வேண்டும். வெள்ளை வீழ்படிவு உண்டாகும். அதை ஒருநாள் அப்படியே விட்டு, வடிகட்டி, நன்றாகக் கழுவி, உலர்த்தினால் தூள் கிடைக்கும். நூற்றுக்குப் பத்து ஸ்ட்ரான்சியம் வேண்டுமானால், 10 மோல் கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதில் 9 மோல் எடுத்து, 1 மோல் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டைச் சேர்க்கிறோம். பாஸ்பேட் 6 மோல். கணக்குச் சரி.

இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. குவளையில் இட்ட அளவையே தூளில் உள்ள அளவாகக் கட்டுரையில் எழுதிவிடுகிறார்கள். துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்த எவரும் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள்: துத்தநாக உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் முதலில் வெள்ளை வீழ்படிவு வரும், அம்மோனியா மிகுந்தால் அது கரைந்து கரைசல் தெளிந்துவிடும். துத்தநாகம் நான்கு அம்மோனியா மூலக்கூறுகளோடு சேர்ந்து கரையக்கூடிய அணைவு அயனியாகிவிடுவதே காரணம். அதே அம்மோனியாவைக் கொட்டித்தான் நாம் அபடைட்டை வீழ்படியச் செய்கிறோம்! சேர்த்த துத்தநாகத்தின் ஒரு பகுதி வீழ்படிவில் சேராமல் வடிநீரோடு கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கற்றதை ஆய்வேட்டில் மறப்பது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

வடிநீரையும் கழுவிய நீரையும் கொட்டாமல் வைத்திருந்து, அவற்றில் எவ்வளவு தனிமம் எஞ்சியது என்று அளந்துவிட்டால் இந்த ஐயம் தீரும். இட்டது கழித்தல் வெளியேறியது, தூளில் உள்ளது. எளிய கழித்தல் கணக்கு. கட்டுரைகளில் இதைத் தேடிப் பாருங்கள், அரிதாகவே காண்பீர்கள்.

இன்னொரு விருந்தாளியும் இருக்கிறார், அழையாமல் வருபவர். காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கார்பனேட்டை உண்டாக்குகிறது. அது பாஸ்பேட்டின் இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 1450, 875 அலைகள் அளவில் இதன் அடையாளம் தோன்றும். ‘தூய’ அபடைட் என்று ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் தூளிலேயே இது இருக்கும். எலும்பில் மிகுதியாக உள்ள பதிலீடு கார்பனேட்டுத்தான். ஆனால் நம் கட்டுரைகளில் அதற்குப் பெயர் ‘மாசு’! துத்தநாகத்தைத் தேடிப் பணம் செலவிடுவோர், தாமாகவே கிடைத்த பதிலீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார்கள்.

0.15 பாகை

இனி என் துறைக்கு வருகிறேன். படிகத்தை அறிய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைவிடச் சிறந்த வழி இல்லை. தூளின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், பிராக் விதிப்படி, குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் செறிவான முகடுகள் தோன்றுகின்றன. படிகத் தளங்களுக்கு இடையேயுள்ள தொலைவு கூடினால் கோணம் குறையும். ஆகவே பெரிய அயனி புகுந்தால் முகடுகள் குறைந்த கோணத்துக்கு நகர வேண்டும். கட்டுரை ஆசிரியர் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முகடு இடப்புறம் நகர்ந்திருப்பதை அம்புக்குறியால் காட்டுவார். ஸ்ட்ரான்சியம் உள்ளே போய்விட்டது என்று முடிப்பார்.

எவ்வளவு நகர வேண்டும் என்று பார்ப்போமா? தூய ஸ்ட்ரான்சிய அபடைட்டின் கூட்டு உயரம் 7.28 ஆங்ஸ்ட்ராம், கால்சிய அபடைட்டுக்கு 6.88. வேறுபாடு 0.40. நூற்றுக்குப் பத்துப் பதிலீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.04 ஆங்ஸ்ட்ராம், உயரம் கூடும் எனக் கொள்வோம். செம்பிலிருந்து வரும் 1.5406 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கதிருக்கு, உயரத்தின் பாதியைத் தளத்தொலைவாகக் கொண்ட முகடு 25.88 பாகையில் தோன்ற வேண்டியது, 25.73 பாகைக்கு நகரும். நகர்வு 0.15 பாகை. கண்ணுக்குத் தெரியும் நகர்வுதான்.

இப்போது இன்னொரு கணக்கு. தூளை ஒரு கண்ணாடித் தட்டின் குழியில் நிரப்பி, மேற்பரப்பைத் தட்டின் விளிம்போடு மட்டமாக அழுத்திவைப்பது வழக்கம். அழுத்தும்போது தூள் விளிம்பைவிட 0.2 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிறிய கருவியில் இதனால் அதே முகடு எவ்வளவு நகரும்? தாழ்வை இரண்டால் பெருக்கி, பாதிக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் 0.0026 ரேடியன். பாகையில் சொன்னால், 0.15! திசையும் அதே திசை. இரண்டு தபால்தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனத்துக்குத் தூள் தாழ்ந்தால் போதும். ஒரு சிட்டிகை ஸ்ட்ரான்சியமும் இல்லாமலேயே நூற்றுக்குப் பத்துப் பதிலீடு ‘நடந்துவிடும்’.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதுநிலைப் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டிலும் அந்த அம்புக்குறி இருந்தது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: தூளோடு சிலிக்கன் கலந்து எடுத்தாயா? இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. பட்டம் வந்துவிட்டது. பிறகு ஒரு விடுமுறையில் மறுபடி ஆய்வகத்துக்குப் போய், ஸ்ட்ரான்சியமே சேராத தூளை ஒருமுறை மட்டமாகவும் ஒருமுறை வேண்டுமென்றே சற்றுத் தாழ்வாகவும் வைத்துப் பதிவு செய்தேன். என் ஆய்வேட்டில் இருந்த படம் அப்படியே மறுபடியும் வந்தது. ஸ்ட்ரான்சியம் உண்மையில் புகுந்திருந்ததா என்பதை அந்த ஆய்வேட்டை வைத்து இன்றும் எவரும் சொல்ல முடியாது.

தேர்வாளர் கேட்ட சிலிக்கனின் பயன் இதுதான். சிலிக்கன் தூளின் முதல் முகடு 28.44 பாகையில் விழ வேண்டும். அதைச் சிறிதளவு நம் தூளோடு கலந்துவிட்டால், தட்டில் நேர்ந்த பிழை இரண்டு பொருள்களின் முகடுகளையும் ஒருசேர நகர்த்தும். பதிலீட்டால் வரும் நகர்வு அபடைட்டின் முகடுகளை மட்டும் நகர்த்தும். சிலிக்கன் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. தட்டின் பிழை எல்லா முகடுகளையும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்த்தும். உயர்ந்த கோணங்களில் அது சற்றுக் குறையவும் செய்யும். கூடு விரிவதால் வரும் நகர்வோ கோணம் கூடக்கூட மிகுந்துகொண்டே போகும். ஆகவே ஒரே ஒரு முகட்டைப் பெரிதாக்கிக் காட்டும் படத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். எல்லா முகடுகளையும் கணக்கில் எடுத்து, பக்க நீளம், உயரம் இரண்டையும் பிழை எல்லையோடு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

முகடு அகன்றிருப்பதைக் கொண்டு ஷெரர் சமன்பாட்டால் படிகத்தின் அளவை இத்தனை நானோமீட்டர் என்று இரண்டு தசம இடங்களுக்குக் கணக்கிடுவதும் ஒரு வழக்கம். பதிலீட்டால் கூட்டில் திரிபு ஏற்பட்டாலும் முகடு அகலும். இரண்டையும் பிரிக்காமல் தசமப் புள்ளிக்குப் பிறகு எண்களை அடுக்குவதில் பொருளில்லை.

தங்கம் பூசிய தூள்

அடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கி. இதனோடு இணைந்த எக்ஸ் கதிர் ஆய்வுக் கருவி, தூளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும். இதுவும் நடத்துநர் கணக்குத்தான் என்பதை முன்பே சொன்னேன். அந்தக் கணக்கும் பிழையாகப் போகும் இடம் ஒன்று உண்டு. மின்கடத்தாத் தூளைப் பார்ப்பதற்காக அதன்மேல் மெல்லிய தங்கப் படலம் பூசுகிறார்கள். பாஸ்பரஸ் வெளியிடும் எக்ஸ் கதிரின் ஆற்றல் 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தங்கம் வெளியிடும் கதிர்களுள் ஒன்று 2.12. கருவியால் இவ்விரண்டையும் நன்றாகப் பிரிக்க முடிவதில்லை. தங்கத்தின் ஒரு பகுதி பாஸ்பரசாக எண்ணப்பட்டால், கால்சியம் பாஸ்பரஸ் விகிதம் எங்கேயோ போய் நிற்கும். சிலிக்கனுக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் இடையிலும் இதே தொல்லை: 1.74, 1.81. இரண்டையும் ஒருங்கே சேர்த்த தூளில் இக்கருவியைக் கொண்டு சிலிக்கனை அளப்பவர், எதை அளக்கிறோம் என்று நிச்சயமாகச் சொல்ல இயலாது. தங்கத்துக்குப் பதில் கார்பன் பூசினாலே முதல் தொல்லை தீரும்.

இவற்றைவிட மலிவான சோதனை ஒன்றை மாணவர்களுக்குப் பரிந்துரைப்பேன்: சூடாக்குதல். வீழ்படிவாக வந்த தூளின் முகடுகள் அகன்று மங்கலாக இருப்பதால், அதனுள் வேறு பாஸ்பேட்டுகளும் ஒழுங்கற்ற பகுதியும் மறைந்திருக்க முடியும். 900 அல்லது 1000 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் சுட்டெடுத்தால் மறைவு கலையும். கால்சியம் குறைந்திருந்தால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறு பொருள் பிரிந்து தெரியும். மிகுந்திருந்தால் சுண்ணாம்பு 37.4 பாகையில் தலைகாட்டும். மக்னீசியம் சேர்த்த தூளில் பெரும்பாலும் முதலாவது நேரும், ஏனெனில் மக்னீசியம் அந்தப் பீட்டா வடிவத்துக்கு உறுதி கொடுப்பது. அப்போது சேர்த்த மக்னீசியம் அபடைட்டை விட்டு அங்கே குடியேறிவிடும். சுடுவதற்கு முன் எடுத்த படத்தை மட்டும் அச்சிட்டு, ஒரே பொருள்தான் உள்ளது என்று எழுதுவது விளக்கை அணைத்துவிட்டு அறை சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது போன்றது.

சிலிக்கன் கற்பித்த பாடம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, இயல்பறிதலைச் சரியாகச் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே செய்யப்பட்ட ஒரு வேலையின் கதையைச் சொல்கிறேன்.

1970-இல் எடித் கார்லைல் என்ற அம்மையார், இளம் விலங்குகளின் எலும்பு வளரும் பகுதிகளில் சிலிக்கன் செறிந்திருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். உணவில் சிலிக்கன் இல்லாவிட்டால் கோழிக்குஞ்சுகளின் எலும்பு வளர்ச்சி குன்றுவதையும் 1972-இல் காட்டினார். அதற்கு முன்பே, 1969-இல், அமெரிக்காவில் லாரி ஹென்ச் எலும்போடு பிணையும் கண்ணாடியைக் கண்டுபிடித்திருந்தார். அதன் எடையில் 45 விழுக்காடு சிலிக்கா. இவ்விரண்டையும் பின்னணியாகக் கொண்டு, லண்டனில் கிப்சன், பெஸ்ட், பான்ஃபீல்டு ஆகியோர் அபடைட்டில் பாஸ்பேட்டுக்குப் பதில் சிலிகேட்டைப் புகுத்தி 1999-இல் வெளியிட்டனர்.

அவர்கள் செய்த வேலை பாராட்டத்தக்கது. பாஸ்பேட்டின் மின்சுமை எதிர் மூன்று. சிலிகேட்டின் மின்சுமை எதிர் நான்கு. ஒவ்வொரு பதிலீட்டுக்கும் ஒரு சுமை மிகுதி. இந்த மிகுதியைச் சரிக்கட்ட எங்கேனும் ஒன்று வெளியேற வேண்டும். ஹைட்ராக்சில் வெளியேறுகிறது என்று சொல்லி, நிறமாலையில் அதன் அடையாளம் குறைவதைக் காட்டினார்கள். உயர்ந்த வெப்பநிலையில் சுட்டும் வேறு பொருள் பிரியவில்லை என்று காட்டினார்கள். கூட்டின் அளவுகள் மாறுவதையும் காட்டினார்கள். மின்சுமைக் கணக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் சிலிகேட் பதிலீட்டைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் எத்தனையோ! பின்னர் எடையில் 0.8 விழுக்காடு சிலிக்கன் உள்ள இத்தகைய குறுமணிகள் ‘ஆக்டிஃபியூஸ்’ என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கு வந்தன.

சிலிக்கன் உள்ளே புகுந்தது, சரி. எலும்பு நன்றாக வளர்ந்ததாகவும் பல ஆய்வுகள் கூறின. ஆகவே சிலிக்கன் கரைந்து வெளிவந்து செல்களைத் தூண்டுகிறது என்ற விளக்கம் கட்டுரைக்குக் கட்டுரை தொற்றிக்கொண்டு போயிற்று. 2009-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் போனர், அதுவரை வந்த கட்டுரைகளை வரிசையாகப் படித்து ஒரு விமர்சனம் எழுதினார். பயன் விளைவிக்கத் தேவையான அளவில் இத்தூள்களிலிருந்து சிலிக்கன் வெளியாகிறது என்பதற்குச் சோதனைச் சான்றே இல்லை என்பது அவர் கண்டது. எலும்பு நன்கு வளர்ந்ததையும் சிலிக்கன் வெளியேறுவதையும் இணைத்துக் காட்டிய ஆய்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எண்களைப் பார்த்தாலே இந்த ஐயம் வந்திருக்க வேண்டும். ஹென்ச்சின் கண்ணாடியில் சிலிக்கா 45 விழுக்காடு என்றால், சிலிக்கன் மட்டும் சுமார் 21 விழுக்காடு. கண்ணாடியும் உடல் திரவத்தில் எளிதில் கரைவது. இங்கோ சிலிக்கன் 0.8 விழுக்காடு, அதுவும் சுட்டு இறுக்கிய அபடைட்டுக்குள், அணு அணுவாகப் பூட்டப்பட்டது. கண்ணாடியின் புகழை அபடைட் இரவல் வாங்கிக்கொண்டது எனலாம். சிலிக்கன் சேர்த்தால் மணிகளின் நுண்ணமைப்பும் மேற்பரப்பும் கரைதிறனும்கூட மாறிவிடுகின்றன. வளர்ச்சிக்கு அவற்றுள் எது காரணம்? சிலிக்கன் தவிர மற்ற எல்லாம் சமமாக உள்ள தூளோடு ஒப்பிடாமல் இதற்கு விடை காண இயலாது. ஆக்டிஃபியூஸ் பயனற்றது என்று நான் கூறவில்லை. போனரும் அப்படிக் கூறவில்லை. பயனுக்குச் சொல்லப்பட்ட காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே செய்தி. காரணம் தெரியாவிட்டால் அடுத்த தூளை எப்படி மேம்படுத்துவீர்கள்? சிலிக்கனைக் கூட்டுவீர்களா, மணியின் துளைகளை மாற்றுவீர்களா?

ஸ்ட்ரான்சியம் பற்றிய கட்டுரைகளிலும் இத்தகைய இரவல் உண்டு. எலும்பு தேய்ந்த முதிய பெண்களுக்கு ஸ்ட்ரான்சியம் ரனிலேட் என்ற மருந்தை நாளொன்றுக்கு 2 கிராம் கொடுத்தார்கள். 1,649 பெண்களிடம் நடந்த சோதனையில் மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவு 41 விழுக்காடு குறைந்ததாக 2004-இல் அறிவிக்கப்பட்டது. நம் கட்டுரைகளின் முன்னுரைகள் இதோடு நின்றுவிடும். இதயக் கோளாறு உண்டாகும் அபாயத்தால் ஐரோப்பாவில் 2014-இல் இம்மருந்துக்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதையும், 2017-இல் தயாரிப்பாளரே அதை நிறுத்திக்கொண்டதையும் எழுதுவோர் குறைவு. எலும்புக் குழியில் இடும் சிறிதளவு தூளும் தினம் விழுங்கும் 2 கிராமும் ஒன்றல்ல என்பது உண்மையே. அப்படியானால் நன்மைக்கு மட்டும் அந்த மருந்தைத் துணைக்கு அழைப்பது ஏன்?

இம்மருந்தின் வரலாற்றில் இயற்பியல் மாணவர் நினைவில் வைக்கவேண்டிய ஒன்றும் உண்டு. மருந்து உண்டவர்களின் எலும்பு அடர்த்தி, எக்ஸ் கதிர் அளவீட்டில் மிகவும் உயர்ந்தது. ஆனால் கால்சியத்தின் அணு எண் 20; ஸ்ட்ரான்சியத்தின் அணு எண் 38. அணு எண் கூடினால் எக்ஸ் கதிரை உட்கவர்வது பன்மடங்கு கூடும். எலும்பில் சேர்ந்த சிறிதளவு ஸ்ட்ரான்சியம், கருவியின் கண்ணுக்கு நிறையக் கால்சியம்போலத் தெரிந்தது. அளவீட்டில் கண்ட உயர்வின் கணிசமான பகுதி இப்படி வந்ததே. தட்டில் 0.2 மில்லிமீட்டர் தாழ்ந்த தூள் என்னை ஏமாற்றிய கதைக்கு இது அண்ணன்.

செயற்கை உடல் திரவத்தில் தூளை ஊறவைத்து, அதன்மேல் அபடைட் படிந்தால் எலும்போடு பிணையும் என்று முடிவுகட்டும் சோதனையும் இக்கட்டுரைகளில் தவறாமல் வருவது. அத்திரவம் அபடைட்டைப் பொறுத்தவரை ஏற்கெனவே மீதெவிட்டிய கரைசல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பாருங்கள். படியக் காத்திருக்கும் கரைசலில் படிந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்த ஆண்டு செய்முறைத் திட்டத்துக்காக இத்தகைய தூள் ஒன்றைச் செய்யப்போகும் மாணவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஒரு யோசனை. பதிலீட்டுத் தூளோடு இன்னொரு குவளையில் தூய அபடைட்டையும் செய்யுங்கள். அதில் ஒரு பகுதியை, சேர்க்க நினைத்த அதே உப்பின் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து, கழுவி உலர்த்துங்கள். இப்போது மூன்று தூள்கள்: தூயது, உள்ளே சேர்த்ததாக நீங்கள் கருதுவது, மேலே ஒட்டவைத்தது. மூன்றிலும் சிலிக்கன் கலந்து எக்ஸ் கதிர்ப் பதிவு எடுங்கள். மூன்றையும் நீரில் இட்டு, முதல் மணியிலும் முதல் நாளிலும் ஏழாம் நாளிலும் நீரில் எவ்வளவு தனிமம் வெளியேறியது என்று அளந்து பாருங்கள். இரண்டாம் தூளும் மூன்றாம் தூளும் ஒன்றுபோலவே நடந்துகொண்டால், அதை அப்படியே எழுதுங்கள். தலைப்பில் ‘பதிலீடு செய்த’ என்பதை அடித்துவிட்டுச் ‘சேர்த்த’ என்று போடுங்கள். மதிப்பெண் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். நான் தேர்வாளராக வந்தால் குறைக்க மாட்டேன்.